மைல்ஸில் போட்ட ரிக்கெற்றை யார் மாற்றலாம்?

"அம்மா, மைல்ஸிலை ரிக்கெற் போட்டிட்டன். நீங்கள் காசைப் பற்றி ஒண்டும் யோசியாதேங்கோ." ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இப்படிச் சொல்லும் பிள்ளைகளின் தொகை கடந்த சில வருடங்களில் கூடியிருக்கிறது. விமானத்தில் பறந்து சேர்த்த மைல்கள் மட்டுமல்ல, கடனட்டையில் மரக்கறி வாங்கி, பெற்றோல் அடித்து, கடைக்குச் சாமான் எடுத்துச் சேர்த்த புள்ளிகளும் இதற்குள் வரும். வருடக்கணக்காகச் சேர்த்ததை ஊரில் இருக்கும் தாய் தகப்பனைக் கூப்பிடவோ, தான் ஊருக்கு ஒருதடவை வந்துபோகவோ செலவழிக்கிறார்கள். நல்ல காரியம்தான்.

சிக்கல் வருவது பயணம் குழம்பும்போது. விசா பிந்துகிறது, அப்பாவுக்குச் சுகமில்லாமல் போகிறது, செத்தவீடு ஒன்று வந்துவிடுகிறது. அப்போது அம்மா ரிக்கெற் அச்செடுத்த தாளோடு பக்கத்திலுள்ள பயண முகவரிடம் போகிறார். முகவர் பார்த்துவிட்டு "இதிலை நாங்கள் கை வைக்கேலாது" என்கிறார். யாழ்ப்பாணத்தில் பயணச்சீட்டு வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் அதே வசனத்தை நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஏன் கை வைக்க முடியாது, அப்படியென்றால் யாரால் முடியும் என்று விளக்கிச் சொல்ல அந்த மேசையில் நேரம் இருப்பதில்லை.

அடிப்படை இதுதான். ரிக்கெற் அம்மாவின் பெயரில் இருந்தாலும், மைல்ஸ் மகனின் கணக்கிலிருந்து போனது. ஆகவே திகதி மாற்றுவது, இரத்துச் செய்வது, மைல்ஸைத் திரும்பப் பெறுவது எல்லாம் மகன் தன் கணக்குக்குள் போய், அல்லது அந்தத் திட்டத்தின் இலக்கத்துக்குப் போன் எடுத்துத் தன்னை உறுதிப்படுத்திச் செய்ய வேண்டியவை. பயணிக்கு அந்த அதிகாரம் பெரும்பாலும் இல்லை. முகவரின் கணினியிலும் அந்த ரிக்கெற் அவர் விற்ற ஒன்றாக இல்லை.

இரண்டாவது குழப்பம், எந்த விமான நிறுவனத்தைக் கேட்பது என்பது. ஏறப்போகும் விமானத்தின் நிறுவனத்தைக் கேட்டால் போதும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கள் கையிலுள்ள தாளில் இ-ரிக்கெற் இலக்கம் என்று 13 இலக்கங்கள் இருக்கும். அதன் முதல் மூன்றையும் பாருங்கள். 603 என்றால் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் வழங்கியது. 125 பிரிட்டிஷ் எயார்வேய்ஸ், 157 கட்டார், 176 எமிரேட்ஸ், 618 சிங்கப்பூர் எயார்லைன்ஸ், 014 எயார் கனடா. ஸ்ரீலங்கன் 2014 மே மாதத்திலிருந்து 'வன்வேர்ல்ட்' கூட்டணியில் இருப்பதால், லண்டனில் இருக்கும் மகள் பிரிட்டிஷ் எயார்வேய்ஸின் ஏவியோஸ் புள்ளிகளைக் கொண்டு ஸ்ரீலங்கன் விமானத்தில் உங்களுக்கு இடம் எடுக்கலாம். விமானம் ஸ்ரீலங்கனுடையது, ரிக்கெற் 125இல் தொடங்கும். கட்டுநாயக்கவில் ஸ்ரீலங்கன் கவுண்டரில் நின்று எவ்வளவு கெஞ்சினாலும், திகதியை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. அதேபோல எயார் கனடா கொழும்புக்குப் பறப்பதே இல்லை, ஆனால் அதன் ஏரோபிளான் புள்ளிகளில் எமிரேட்ஸில் டுபாய் வழியாக ரிக்கெற் எடுக்கலாம். அது 014இல் தொடங்கும், கேட்க வேண்டிய இடம் கனடா.

பரந்தனில் இருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு விமானம். கணவரை முதல் நாள் இரவு கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். மகன் ரொறன்ரோவில் களஞ்சியம் ஒன்றில் இரவு வேலை, வேலை நேரத்தில் போன் பெட்டிக்குள். எங்கள் காலை பத்து மணி என்பது அங்கே கோடையில் நள்ளிரவு 12.30. அம்மா விடியும்வரை வைபரில் அழைத்தபடி இருந்திருக்கிறார். மகன் வேலை முடிந்து போனைப் பார்த்தபோது விமானம் போய்விட்டது. போனது அந்த ஒரு பயணம் மட்டுமல்ல. முதல் பறப்பில் ஏறாவிட்டால் அதே பதிவிலுள்ள மிச்சப் பறப்புகளும், திரும்பி வரும் ரிக்கெற் உட்பட, தானாக இரத்தாகிவிடும். மைல்ஸும் திரும்பவில்லை. இரவு வேலைக்குப் போக முன்னர் அந்த மகனுக்குச் செய்தி கிடைத்திருந்தால், ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் அலுவல் அது.

ஆகவே பயணத்துக்கு முன்னரே பிள்ளையிடம் கேளுங்கள்: "நீ வேலையிலை நிண்டா, இதை மாத்திறதுக்கு வேறை ஆர் இருக்கினம்?" மருமகளுக்கோ தம்பிக்கோ அந்தக் கணக்கில் நுழையும் வழி தெரிந்திருக்க வேண்டும். பதிவில் உங்கள் இலங்கைத் தொலைபேசி இலக்கத்தையும், +94 சேர்த்து, போடச் சொல்லுங்கள். விமான நேரம் மாறினால் வரும் மின்னஞ்சல் மகன் எப்போதோ திறந்த பழைய முகவரிக்குப் போவது வழமை.

இரத்துச் செய்தால் என்ன திரும்பும்?

பயணத்துக்கு முன்னர் முறைப்படி இரத்துச் செய்தால், பெரும்பாலான திட்டங்களில் மைல்ஸ் கணக்குக்குத் திரும்பும். மகன் கையால் கட்டிய வரிகளும் கட்டணங்களும் அவர் பாவித்த கடனட்டைக்கே போகும். உங்கள் கைக்குக் காசாக எதுவும் வராது. நீங்கள் மகனுக்கு அந்த வரிக் காசைக் கொடுத்திருந்தால் அது உங்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. இதற்கெனக் கழிக்கும் தண்டக் கட்டணம் திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2020க்குப் பின்னர் அதைப் பெரும்பாலும் நீக்கிவிட்டன. மற்றவை ஆளுக்கு இவ்வளவு என்று எடுக்கும். ஒரே நிறுவனத்திலேயே மலிவான வகை, இலகுவாக மாற்றக்கூடிய வகை என இரண்டு மூன்று இருக்கும். மைல்ஸ் குறைவாகக் கேட்கும் வகைக்குத்தான் இரத்துக் கட்டணம் கூட. விசா நிச்சயமில்லாத ஒரு பயணத்துக்கு மலிவான வகையை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நேர எல்லையைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் எயார்வேய்ஸில் முதல் விமானம் புறப்பட 24 மணித்தியாலத்துக்கு முன்னர் இரத்துச் செய்தாக வேண்டும். அதற்குப் பிறகு மைல்ஸ் போனதுதான். வேறு சிலவற்றில் புறப்படும் நேரம் வரைக்கும் விடுவார்கள். விமானத்தைத் தவறவிட்டாலும் பறக்காத பயணத்துக்கான அரச வரிகளைத் திருப்பிக் கேட்கலாம். பிரித்தானியாவிலிருந்து புறப்படும்போது அறவிடும் விமானப் பயணிகள் வரி சிறிய தொகை அல்ல. கேட்டால்தான் தருவார்கள்.

காலாவதியையும் மறக்கக்கூடாது. ஏவியோஸ் 36 மாதம், ஏரோபிளான் 18 மாதம் கணக்கில் அசைவே இல்லாவிட்டால் அழியும். இவற்றில் சிறிதாக ஏதாவது சேர்த்தால் கணக்கு உயிரோடு இருக்கும். சிங்கப்பூரின் கிறிஸ்ஃப்ளையர் போன்றவற்றில் மைல்ஸ் சேர்ந்து மூன்று வருடத்தில் முடிந்துவிடும். ரிக்கெற் போட்ட பிறகு அந்தத் திகதி கடந்திருந்தால், இரத்துச் செய்தும் மைல்ஸ் திரும்பாது. அப்படிப்பட்ட நிலையில் இரத்துச் செய்வதைவிடத் திகதி மாற்ற முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சீட் இருக்கு, ஆனால் இல்லை

திகதி மாற்றுவதில் எங்கள் ஆட்கள் அதிகம் கோபப்படும் இடம் இது. "பிளேனிலை அரைவாசி சீட் காலியாக் கிடக்குதாம், எங்களுக்கு மட்டும் இல்லையாம்." ஒவ்வொரு விமானத்திலும் மைல்ஸுக்கென ஒதுக்கும் இருக்கைகள் தனி. அவை சில. அவை முடிந்தால், காசுக்கு நூறு இருக்கை காலியாக இருந்தாலும் மைல்ஸ் ரிக்கெற்றை அந்த நாளுக்கு மாற்ற முடியாது. சில நிறுவனங்கள் மிச்ச இருக்கைகளையும் மைல்ஸுக்குத் தரும், ஆனால் இரண்டு மூன்று மடங்கு கேட்கும். ஜூலை, ஓகஸ்டில் அங்கே பள்ளிக்கூட விடுமுறையும் இங்கே நல்லூர்த் திருவிழாவும் ஒன்றாக வருவதால் இருக்கை கிடைப்பது மிகக் கடினம். டிசம்பரும் அப்படியே. பல நிறுவனங்கள் பதினொரு மாதத்துக்கும் மேல் முன்கூட்டியே இவற்றைத் திறக்கின்றன, பிறகு பறப்புக்கு ஒன்றிரண்டு வாரம் இருக்கும்போது விற்காத இருக்கைகள் சிலவற்றைத் திரும்பவும் விடுவதுண்டு.

ஆகவே பழையதை முதலில் இரத்துச் செய்யாதீர்கள். புதிய நாளில் மைல்ஸ் இருக்கை இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகு, கணக்கில் போதிய மைல்ஸ் இருந்தால் அதை எடுத்துவிட்டு, அதன்பின் பழையதை விடுங்கள். விட்ட இருக்கை திரும்பவும் மைல்ஸுக்கு வரும் என்று நிச்சயமில்லை.

ஆள் மாற்றம் கிடையவே கிடையாது. அம்மாவுக்குப் போட்டதில் அக்கா போக முடியாது. இரத்துச் செய்து புதிதாகத்தான் போட வேண்டும். சில திட்டங்களில் யாருக்கு ரிக்கெற் எடுக்கலாம் என்று முன்கூட்டியே பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டியிருக்கும். கிறிஸ்ஃப்ளையரில் அது ஐந்து பேர்.

நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது, போக ஒன்று, வர ஒன்று என இரண்டு தனிப் பதிவாக எடுங்கள் என்பது. காசு ரிக்கெற்றில் ஒருவழி என்பது பல வேளைகளில் இருவழிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். மைல்ஸில் பெரும்பாலும் ஒருவழி என்பது இருவழியில் சரிபாதி. தனியாக எடுத்தால், போன பிறகு வரும் திகதியைத் தள்ளவோ முழுதாக இரத்துச் செய்யவோ இலகு. ஒரே பதிவாக இருந்து பாதியைப் பாவித்துவிட்டால், மிச்சப் பாதிக்கு மைல்ஸ் திரும்புவது அரிது. இரத்துக் கட்டணம் இரண்டு தடவை வரலாம் என்பது குறை. குடிவரவில் திரும்பும் ரிக்கெற் கேட்டால் இரண்டு தாளையும் காட்ட வேண்டும், இரண்டாவதை வீட்டில் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

செத்தவீட்டுக்கு வருபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஊரில் ஒரு மரணம் என்றால் அன்றிரவே புறப்பட வேண்டும், அந்த நேரத்தில் காசு ரிக்கெற் எட்டாத விலையில் நிற்கும். மைல்ஸின் உண்மையான பெறுமதி அப்போதுதான் தெரியும். ஆனால் எட்டுச் செலவோடு திரும்புவதா, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை நிற்பதா என்று வரும்போது யாருக்கும் தெரியாது. வரும் வழியை மட்டும் முதலில் எடுத்து, திரும்புவதை இங்கே வந்து தீர்மானிக்கலாம். பயணியோ நெருங்கிய உறவினரோ இறந்ததால் பயணம் நின்றால், மரணச் சான்றிதழ் காட்டி இரத்துக் கட்டணத்தை விலக்கும்படி கேட்கலாம். பல நிறுவனங்கள் ஏற்கின்றன. எங்கள் சான்றிதழ் தமிழில் இருக்கும் என்பதால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி ஒன்றை அப்போதே செய்து வையுங்கள்.

பெயரும் பிறந்த திகதியும்

முகவர் ரிக்கெற் போட்டால் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்துப் போடுவார். மகன் போடும்போது ஞாபகத்தில் இருந்து போடுகிறார். எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா, குடும்பப் பெயர் எது என்ற குழப்பம் கனடாப் பிரசையாகிவிட்ட பிள்ளைக்கு இன்னும் கூட. எழுத்துப் பிழை ஒன்றிரண்டை ரிக்கெற் வழங்கிய நிறுவனம் திருத்தித் தரும். முழுப் பெயரே வேறாக இருந்தால் ஆள் மாற்றம் என்று சொல்லி மறுப்பார்கள்.

பிறந்த திகதி இன்னொரு வில்லங்கம். இடப்பெயர்வுகளில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு, பிறகு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்து அதைக்கொண்டு அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் செய்தவர்கள் எங்களில் கனபேர். அம்மா பிறந்தது தைப்பூசத்தன்று என்று மகனுக்குத் தெரியும். கடவுச்சீட்டில் வேறொரு திகதி இருக்கிறது. பதிவில் போட வேண்டியது கடவுச்சீட்டில் உள்ளதைத்தான். கடவுச்சீட்டின் படப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, அதைப் பார்த்தே நிரப்பச் சொல்லுங்கள். ரிக்கெற் வந்த அன்றே எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அன்றே திருத்துவது இலகு, விமான நிலையத்தில் முடியாமல் போகலாம்.

வழியில் மறிக்கும் விசா

மைல்ஸ் குறைவாகக் கேட்கும் பாதை பெரும்பாலும் சுற்றுப்பாதை. டில்லி வழியாக, பிராங்பேர்ட் வழியாக என்றெல்லாம் வரும். கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டில் செல்பவருக்கு, ஷெங்கன் நாடுகளின் விமான நிலையத்தில் வெறுமனே விமானம் மாறுவதற்கும் இடைத்தங்கல் விசா தேவை. அந்தப் பட்டியலிலுள்ள சில நாடுகளில் இலங்கையும் ஒன்று. கனடா, அமெரிக்க விசா செல்லுபடியாக வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் ரிக்கெற் போட முன்னரே உறுதிப்படுத்த வேண்டும். பத்திரம் போதாமல் கட்டுநாயக்கவில் திருப்பி அனுப்பினால் அது விமான நிறுவனத்தின் பிழையாகாது, பயணி வராத கணக்கில்தான் விழும்.

பலாலியிலிருந்து சென்னைக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்கு மைல்ஸில் பறக்கும் யோசனையும் இப்போது பரவுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்க வரை இரவிரவாக பஸ்ஸில் குலுங்கத் தேவையில்லை என்பது வயதானவர்களுக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் இவை இரண்டு தனி ரிக்கெற். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனம் காத்திருக்காது, மைல்ஸும் போகும். பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வெளியே வருவதற்கு இந்திய விசாவும் வேண்டும். செய்வதென்றால் இடையில் ஒரு நாளாவது விட்டுச் செய்யுங்கள்.

விசா விண்ணப்பத்துக்காக முன்கூட்டியே ரிக்கெற் போடுவது பற்றியும் கேட்கிறார்கள். கனடாவுக்கோ பிரித்தானியாவுக்கோ விண்ணப்பிக்கக் காசு கட்டிய ரிக்கெற் தேவையில்லை. மைல்ஸ் ரிக்கெற்றை இலகுவாக விடலாம் என்பதால் பிள்ளைகள் துணிந்து போடுகிறார்கள். போட்டால், பயண நாளுக்கு மூன்று நாள் முன்னர் என்று கலண்டரில் குறியுங்கள். அன்றுவரை கடவுச்சீட்டு கைக்கு வராவிட்டால் தள்ளவோ விடவோ வேண்டும்.

விமான நிறுவனமே இரத்துச் செய்தால்

2020 மார்ச்சில் கட்டுநாயக்க மூடப்பட்டு 2021 ஜனவரியில் திரும்பத் திறக்கும்வரை எத்தனையோ பயணங்கள் நின்றன. 2022இல் எரிபொருள் இல்லாமல் விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி எண்ணெய் அடித்துக்கொண்டு போன காலமும் வந்தது. இப்படியான நேரங்களில் அவசரப்பட்டு நீங்களே இரத்துச் செய்யாதீர்கள். விமானத்தை நிறுவனம் இரத்துச் செய்தால், வேறு விமானத்தில் ஏற்றிவிட வேண்டும், அல்லது மைல்ஸ், வரி எல்லாவற்றையும் கட்டணம் கழிக்காமல் திருப்ப வேண்டும். முந்திக்கொண்டு நீங்கள் பொத்தானை அழுத்தினால் அது உங்கள் விருப்ப இரத்தாகி, கட்டணம் கழியும். வேறு விமானத்தில் ஏற்றும்போது மைல்ஸ் இருக்கை இல்லை என்ற காரணத்தை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். சாதாரண இருக்கையைத் திறந்து தரும்படி ரிக்கெற் வழங்கிய நிறுவனத்தைக் கேட்கலாம், பலமுறை தந்திருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி மைல்ஸ் ரிக்கெற்றுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பாரிஸிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட விமானம் நிறுவனத்தின் பிழையால் பல மணிநேரம் பிந்தினால், தூரத்தைப் பொறுத்து 600 யூரோ வரை நட்டஈடு உண்டு. அது மைல்ஸின் சொந்தக்காரருக்கு அல்ல, பயணித்தவருக்கு. பிரித்தானியாவும் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின்னர் இதே விதியைத் தன் சட்டத்தில் வைத்திருக்கிறது.

பாதி விலை ரிக்கெற்

கடைசியாக ஒன்று. வட்ஸ்அப்பில் "லண்டன், கனடா ரிக்கெற் பாதி விலை" என்று வருபவற்றில் சில, யாரோ ஒருவரின் மைல்ஸில் போட்டுத் தருபவை. மைல்ஸையும் மைல்ஸ் ரிக்கெற்றையும் விற்பதை இந்தத் திட்டங்கள் எல்லாமே தடைசெய்திருக்கின்றன. சிலவேளை அந்தக் கணக்கே திருடப்பட்டதாக இருக்கும். நிறுவனம் கண்டுபிடித்தால் ரிக்கெற்றை எந்த நேரமும் இரத்துச் செய்யலாம், திரும்பும் வழியில் நடுவில் நிற்கும்போது கூட. மைல்ஸ் போவது கணக்குக்காரருக்கு, நீங்கள் கொடுத்த காசு போனது போனதே. காணியை ஈடு வைத்து, நகையை அடகு வைத்துப் பயணம் செய்பவர்களிடம்தான் இது அதிகம் விற்கப்படுகிறது.

வாங்கியிருந்தால் இ-ரிக்கெற் பற்றுச்சீட்டை முழுதாகக் கேளுங்கள், படத்தின் பாதியை அல்ல. கட்டணம் என்ற வரியில் பூச்சியமோ மைல்ஸ் தொகையோ இருந்து, வரி மட்டும் காசாகக் காட்டியிருந்தால் அது மைல்ஸ் ரிக்கெற். யாருடைய கணக்கு என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால், பயண நாளுக்கு முன்னரே காசைத் திரும்பக் கேட்பதுதான் நல்லது.